உயில் எழுதுதல்: தானே எழுதுவதா, வக்கீலைக் கொண்டு எழுதுவதா?

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் காலஞ்சென்றால், அவருடைய பங்குத் தொகை, வைப்புத் தொகை, கடன் பாக்கி ஆகிய மூன்றையும் பற்றிச் சங்கத்தார் விசாரிக்க நேரிடுகிறது. அப்பொழுது அவருடைய குடும்பத்தாரிடமிருந்து வெளிப்படும் காகிதங்கள் பலவிதமாயிருக்கும். சில வீடுகளில் நோட்டுப் புஸ்தகத் தாளில் இறந்தவரே கைப்பட எழுதிய உயில் இருக்கும். சில வீடுகளில் ரிஜிஸ்தர் ஆபீஸ் முத்திரையுடன் கூடிய உயில் இருக்கும். வேறு சில வீடுகளிலோ காகிதமே இராது. “கடைசி நேரத்தில் எல்லாரும் கேட்க வாயாற் சொன்னார்” என்று மட்டும் சொல்லப்படும். இவற்றுள் எது செல்லும், எது செல்லாது என்பதைச் சாவுக்குப் பின் அறிந்து பயனில்லை. உயிலை வக்கீலைக் கொண்டுதான் எழுதவேண்டுமா, தானே எழுதிவைக்கலாமா என்னும் கேள்விக்கு விடை, எழுதுபவரின் சொத்து எத்தகையது, குடும்பம் எத்தகையது என்பவற்றைப் பொறுத்தது.

சட்டம் கேட்பது மிகவும் சொற்பம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1925ஆம் வருஷத்திய இந்திய வாரிசுச் சட்டத்தின்படி, மைனர் அல்லாத, புத்தி ஸ்வாதீனமுள்ள எவரும் தமக்குரிய சொத்தை உயிலால் ஏற்பாடு செய்யலாம். முத்திரைத் தாள் வேண்டியதில்லை. வெள்ளைக் காகிதம் போதும். இன்ன பாஷையில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சட்ட வார்த்தைகளும் தேவையில்லை. எழுதியவருடைய எண்ணம் இன்னதென்று விளங்கினாற் போதும் என்று அச்சட்டத்தின் 74ஆம் பிரிவே சொல்லுகிறது. ஆகவே, வக்கீல் கை படாத உயில் செல்லாது என்னும் எண்ணம் தவறு.

அதற்கு நேர் எதிரான மற்றொரு தவறும் கிராமங்களில் உண்டு. வாய்மொழியாகச் சொன்னதும் உயிலேயாகும் என்பது அது. இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1870ஆம் வருஷத்து இந்து உயில் சட்டம் இந்த மாகாணத்தில் சென்னைப் பட்டணத்துக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருந்தது. வெளி ஜில்லாக்களில் இந்துக்கள் வாயால் செய்த ஏற்பாட்டையும் அக்காலத்துக் கோர்ட்டுகள் ஒப்புக்கொண்டன. 1927ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி முதல் இந்நிலை மாறிவிட்டது. அத்தேதிக்குப் பின் இந்துக்கள் எங்கே உயில் செய்தாலும் அது எழுத்தில் இருக்கவேண்டும், சாக்ஷிகளும் வேண்டும். சட்டம் மாறிப் பல தலைமுறைகள் கழிந்தும், திண்ணைப் பேச்சில் பழைய வழக்கமே நிலைத்திருக்கிறது. படுக்கையைச் சுற்றி நின்ற இருபது பேர் கேட்டிருந்தாலும், காகிதத்தில் ஏறாத சொல் நிலத்தை மாற்றாது.

சட்டம் வற்புறுத்துவது சாக்ஷியையே. 63ஆம் பிரிவின்படி உயில் எழுதுபவர் கையொப்பமிடவேண்டும், அல்லது கைநாட்டு வைக்கவேண்டும். கை ஓடாதவராயின், அவர் எதிரிலேயே அவர் சொற்படி மற்றொருவர் ஒப்பமிடலாம். அதை இரண்டு சாக்ஷிகளேனும் கண்ணாற் கண்டிருக்கவேண்டும். அல்லது “இது என் கையெழுத்துத்தான்” என்று அவரே தம்மிடம் சொல்லக் கேட்டிருக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு சாக்ஷியும் அவர் முன்னிலையில் தம் ஒப்பத்தை இடவேண்டும். இரு சாக்ஷிகளும் ஏககாலத்தில் கூடியிருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் மூவரும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் ஒப்பமிடுவதே புத்திசாலித்தனம். பின்னால் கோர்ட்டில் சொல்லவேண்டிய கதை சுருங்கும். முழுவதும் சொந்தக் கையாலேயே எழுதிய உயிலுக்குச் சாக்ஷி வேண்டாம் என்னும் விதி சில வெளிநாடுகளில் உண்டு, இந்நாட்டில் இல்லை. வீட்டில் எழுதப்படும் உயில்கள் பெரும்பாலும் வார்த்தைப் பிழையால் வீழ்வதில்லை. சாக்ஷி ஒருவரே இருந்ததாலும், சாக்ஷி காகிதத்தைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒப்பமிட்டதாலும் வீழ்கின்றன.

சாக்ஷிகளைத் தேர்ந்தெடுப்பதில் சாதாரணமாகச் செலுத்தப்படும் கவனம் போதாது. உயிலை நிரூபிக்க, உயிருடனிருக்கும் ஒரு சாக்ஷியையேனும் கோர்ட்டில் விசாரிக்கவேண்டும் என்பது 1872ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டத்தின் விதி. 2024ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் அவ்விதியை அப்படியே வைத்திருக்கிறது. எழுபது வயதுப் பெரியவர் தம் வயதொத்த இரு சிநேகிதர்களைச் சாக்ஷியாக வைத்தால், உயில் உபயோகப்படும் காலத்தில் மூவரும் இருக்கமாட்டார்கள். அப்பொழுது கையெழுத்தை அறிந்தவர்களைத் தேடி நிரூபிக்க நேரிடும். ஆகையால் சாக்ஷிகள் வயதில் இளையவராயும், ஊரில் நிலைத்தவராயும், கோர்ட்டில் நின்று தெளிவாய்ப் பேசக்கூடியவராயும் இருத்தல் நலம். உயிலால் லாபம் அடைபவர் சாக்ஷியாயிருத்தல் கூடாது. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாக்ஷிக்கோ சாக்ஷியின் மனைவிக்கோ கணவனுக்கோ கொடுத்த சொத்து அவர்களுக்குச் சேராது என்று 67ஆம் பிரிவு விதிக்கிறது. இந்துக்களின் உயிலுக்கு அப்பிரிவு பொருந்தாது. ஆனாலும் நிலத்தை வாங்கிக்கொள்ளும் மகனே சாக்ஷியாய் நின்றால், எந்த நீதிபதிக்கும் சந்தேகம் வருவது சகஜம்.

உயிலை எழுதிக்கொடுத்தவர் “எழுதியவர்” என்று கீழே ஒப்பமிட்டதனால் மாத்திரம் சாக்ஷி ஆகிவிடமாட்டார். ரிஜிஸ்தர் செய்யும் உத்தியோகஸ்தரும், அவர் முன் அடையாளம் காட்டினவர்களும் அவ்வாறே. சாக்ஷியம் அளிக்கும் எண்ணத்தோடு ஒப்பமிட்டாலொழிய அவர்கள் சாக்ஷிகளல்லர் என்று, சென்னையிலிருந்து சென்ற ஒரு தஸ்தாவேஜு வழக்கில் 1969ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்திருக்கிறது.

இனி, எழுதப்படும் சொத்து எழுதுபவருடையதுதானா என்பதைக் கவனிக்கவேண்டும். சுயார்ஜித சொத்தை ஓர் இந்து தம் இஷ்டப்படி யாருக்கும் எழுதலாம். பிதுரார்ஜித சொத்தில், அதாவது கூட்டுக் குடும்பச் சொத்தில், தம் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கே எழுத முடியும். அந்த உரிமையும் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தாலேயே உண்டாயிற்று. அதே குடும்பச் சொத்தில் பெண்களுக்குப் பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989ஆம் வருஷம் மார்ச்சு 25ஆம் தேதிக்கு முன் விவாகமாகாத பெண்களுக்கு இவ்வுரிமை முதலில் கிடைத்தது. 2005ஆம் வருஷத்தில் மத்திய சட்டம் இதை எல்லாப் பெண்களுக்கும் அளித்தது. தகப்பனார் அந்த வருஷத்துக்கு முன் இறந்திருப்பினும் மகளின் உரிமை போகாது என்பதை 2020ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்திற்று. பாட்டன் காலத்து நஞ்சை முழுவதையும் ஆண் மக்களுக்கே எழுதிவைக்கும் உயில், மகளின் பங்கு மட்டில் வெறுங் காகிதமே. இஸ்லாமியர் விஷயத்தில் விதி வேறு. ஈமச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றிலொரு பாகத்துக்கு மேல், வாரிசுகளின் சம்மதமின்றி அவர்கள் உயில் எழுத இயலாது.

உயில் இல்லாவிடில் என்ன நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் அங்கத்தினருக்குச் சுயார்ஜிதமாக நான்கு ஏக்கர் புஞ்சையும், ஒரு கிணறும், ஓர் ஓட்டு வீடும் உண்டு. மனைவி, இரண்டு குமாரர்கள், ஒரு குமாரத்தி இருக்கிறார்கள். தாயார் முன்னமே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இந்துவாயின், நால்வருக்கும் சமமாக நாலிலொரு பங்கு சேரும். அவர் விரும்புவதும் இதுவேயானால் உயிலே வேண்டியதில்லை. மனைவி இருக்கும்வரை வீட்டை விட்டு யாரும் அவரை அப்புறப்படுத்தக்கூடாது என்றோ, நிலத்தை உழுகிறவனுக்கு நிலமும் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குப் பணமும் சேரவேண்டும் என்றோ அவர் எண்ணினால், அப்பொழுதுதான் உயில் அவசியமாகிறது.

இவ்வளவு எளிய குடும்பத்துக்கு அவர் தாமே உயில் எழுதுவதில் தடையில்லை. ஆனால் நிலத்தை விவரிப்பதில் கை தவறுவது அதிகம். “மேலக்காட்டுப் புஞ்சை மூத்தவனுக்கு, கிணற்று மேட்டுப் புஞ்சை இளையவனுக்கு” என்று எழுதுவது வீட்டாருக்கு விளங்கும். ரிஜிஸ்தர் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் விளங்காது. கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், சப்டிவிஷன், விஸ்தீரணம், நான்கெல்லை, பட்டா நம்பர் ஆகியவற்றைத் தற்காலப் பட்டாவைப் பார்த்து எழுதவேண்டும். பழைய கிரயப் பத்திரத்தைப் பார்த்தெழுதினால் அபாயம் உண்டு. 1980ஐ ஒட்டிய வருஷங்களில் நடந்த யு. டி. ஆர். என்னும் நிலப் பதிவேட்டுச் சீர்திருத்தத்தில் பல கிராமங்களில் சப்டிவிஷன்கள் மாறியிருக்கின்றன. பத்திரத்தின் நம்பரும் பட்டாவின் நம்பரும் வேறுபட்டால் இரண்டையும் குறிப்பிடுதல் நலம்.

நிலத்தைப் பிரித்தெழுதிக் கிணற்றை மறந்துவிடுவது மிகவும் சாதாரணம். நான்கு ஏக்கரும் ஒரு கிணற்றால் பாயும்போது, இரண்டிரண்டு ஏக்கராக எழுதினால் மட்டும் பங்கு ஆகாது. கிணறு எவர் எல்லைக்குள் விழுகிறது? மற்றவருக்கு எத்தனை நாளைக்கொரு முறை தண்ணீர்? வாய்க்கால் எந்த வரப்பின் ஓரமாய்ப் போகும்? பம்பு செட்டின் மின்சார இணைப்பு தகப்பனார் பெயரில் இருந்தால் பின்பு யார் பெயருக்கு மாறும்? தூர் எடுக்கும் செலவும் மோட்டார் ரிப்பேர்ச் செலவும் எப்படிப் பிரியும்? உட்புறத்து நிலத்துக்கு வண்டிப் பாதை எத்தனை அடி அகலம்? இவற்றுக்கு ஒவ்வொரு வரி வீதம் எழுதினால் அரைப் பக்கம்தான் ஆகும். அண்ணன் தம்பிகள் பகையாவது நிலத்தின் அளவைப் பற்றியன்று, தண்ணீர் முறையைப் பற்றியே என்பது கிராமத்தில் வாழ்பவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இவ்விஷயத்தில் நகரத்து வக்கீலைவிடக் குடியானவரே அதிகம் அறிந்தவர். வக்கீல் எழுதினாலும் இவ்வரிகளை அவரிடம் சொல்லி எழுதச் செய்ய வேண்டியவர் சொத்துக்காரரே.

எளிய உயில் ஒன்றின் வாசகம் பின்வருமாறு இருக்கலாம்:

“…… வருஷம் …… மாதம் …… தேதி, …… ஜில்லா, …… தாலுகா, …… கிராமத்தில் வசிக்கும் …… குமாரர், …… வயதுள்ள …… ஆகிய நான், நல்ல ஞாபகத்துடனும் புத்தி ஸ்வாதீனத்துடனும், பிறர் தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றி எழுதிவைக்கும் உயில் என்னவென்றால்: இதற்கு முன் நான் எழுதிய உயில் ஏதேனும் இருப்பின் அதை இதனால் ரத்துச் செய்கிறேன். அடியிற் கண்ட சொத்துக்கள் என் சுயார்ஜிதமானவை. என் ஆயுள்வரை அவற்றை நானே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து வருவேன். என் ஆயுளுக்குப் பின், முதல் அயிட்ட வீட்டை என் மனைவி …… அவர்களும், இரண்டாவது அயிட்ட நிலத்தை என் மூத்த குமாரர் …… அவர்களும், மூன்றாவது அயிட்ட நிலத்தை என் இளைய குமாரர் …… அவர்களும், நான்காவது அயிட்ட வைப்புத் தொகையையும் நகைகளையும் என் குமாரத்தி …… அவர்களும் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடையவேண்டியது. கிணறும் மின்சார இணைப்பும் இரண்டு குமாரர்களுக்கும் பொது. நாள் முறை அடியில் எழுதியபடி. மேற்கண்டவர்களில் எவரேனும் எனக்கு முன் காலமானால், அவர் பாகம் அவருடைய மக்களைச் சேரும். இதிற் சொல்லாத மற்ற சொத்து எதுவாயினும் அது என் மனைவியைச் சேரும். என் கடன்களைத் தீர்த்து இந்த உயிலை நிறைவேற்ற …… அவர்களை நியமிக்கிறேன்.”

இதன் கீழ்ச் சொத்து விவரம். அதற்கும் கீழே எழுதியவரின் கையொப்பம். பிறகு, “உயில் எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையொப்பமிட, அவர் முன்னிலையில் நாங்கள் கையொப்பமிட்டோம்” என்ற வாக்கியமும், சாக்ஷிகளின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், ஒப்பம் ஆகியவையும் வரவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உயிலுக்குரியவர் ஒப்பமிடுவது நல்லது. எழுத்து வாசனை இல்லாதவராயின், உயில் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டு அவர் சரியென்று ஒப்புக்கொண்டார் என்பதை அவசியம் எழுதவேண்டும். சொத்தில் பங்கு பெறாத மகனோ மகளோ இருந்தால், அதற்குக் காரணத்தை ஒரே வரியில் கோபமின்றிக் குறிப்பிடுவது நலம். காரணம் சொல்லவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாவிட்டால் பின்னால் சந்தேகத்துக்கு இடமாகும்.

அங்கத்தினர்கள் தனியே கவனிக்கவேண்டியது சங்கத்தில் உள்ள பணம். பங்குத் தொகைக்கும் வைப்புக்கும் நியமனதாரர் ஒருவரைக் குறித்துக் கொடுத்திருந்தால், அதுவே உயிலாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். நியமனத்தின் பயன், சங்கம் யாரிடம் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதே. மேற்கு வங்காளத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2016ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, நியமனதாரர் பெயருக்கு மாற்றித்தரச் சங்கம் கடமைப்பட்டது என்று கூறிற்று. ஆனால் குடும்பத்தார் தங்கள் பாத்தியதையைத் தனியே கோருவதற்கு அது தடையாகாது என்பதையும் கூறிற்று. ஆகவே நியமனப் பத்திரத்தில் மூத்த மகன் பெயரும் உயிலில் மகள் பெயரும் இருந்தால், பணம் முதலில் மகன் கைக்குப் போய், பிறகு சண்டை உண்டாகும். உயில் எழுதும் நாளிலேயே சங்கத்திலுள்ள நியமனத்தையும் ஒத்துப் பார்த்துத் திருத்திவிடவேண்டும்.

கடனை உயிலால் தள்ளிவிட முடியாது. கடன்கள் தீர்ந்த பிறகே உயிற்படி கொடுப்பது நடக்கும். நகைக்கடனில் இந்த விஷயம் மறைந்து நிற்கிறது. தாயார் தம் சங்கிலியை மகளுக்கு எழுதிவைக்கிறார். சங்கிலியோ சங்கத்துப் பெட்டியில் ஈடாக இருக்கிறது. அதை மீட்கும் பணம் மகள் தருவதா, நிலம் பெற்ற மகன் தருவதா என்று உயிலில் ஒரு வார்த்தை இல்லாவிடில், சங்கத்தின் ஏல நோட்டீஸ் வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “மேற்படி நகையை இன்ன தொகையைக் கொண்டு மீட்டுக் கொடுக்கவேண்டியது” என்று எழுதினால் தீர்ந்தது.

எப்பொழுது தானே எழுதுவது தகாது? மனைவி ஆயுள்வரை அனுபவித்து, அவருக்குப் பின் மக்களுக்கு என்று எழுதுவது நம்மவர்களுக்கு மிகவும் பிரியமான ஏற்பாடு. மேலே கொடுத்த வாசகத்தில் அதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 1956ஆம் வருஷத்துச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு இந்து ஸ்திரீ அடைந்த சொத்து அவருக்கு முழு உரிமையாகும் என்கிறது. உயிலிலேயே குறுகிய உரிமைதான் கொடுத்திருந்தால் அது குறுகியதாகவே நிற்கும் என்றும் விலக்குச் சொல்லுகிறது. ஆனால் மனைவிக்கு முன்னமே உள்ள ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த சொத்தாயின், குறுகியதென்று எழுதியிருந்தாலும் முழு உரிமையாக விரியும் என்று 1977ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு குறிப்பிட்ட உயில் இவ்விரண்டில் எதன்கீழ் வரும் என்பதைப் பற்றி அதன்பின் எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன. அவ்வாறே, “சர்வ சுதந்திரமாய் அடையவேண்டியது” என்று ஒரு வரியில் கொடுத்துவிட்டு, “ஆனால் விற்கக்கூடாது” என்று அடுத்த வரியில் எழுதினால், எந்த வரி நிற்கும் என்பது கோர்ட்டில்தான் தீரும். இப்படிப்பட்ட ஏற்பாடு வேண்டுவோர் வக்கீலிடம் போவதே முறை.

இரண்டு தாரத்து மக்கள் உள்ளவர், சுயார்ஜிதமும் பிதுரார்ஜிதமும் கலந்துள்ளவர், பாகப் பிரிவினை ஆகாத நிலம் உள்ளவர், சுவாமி கைங்கரியத்துக்கோ தர்மத்துக்கோ சொத்தை நிரந்தரமாய் ஒதுக்க விரும்புபவர், இன்னும் பிறவாத பேரக் குழந்தைகளுக்குக் கொடுக்க எண்ணுபவர், புத்தி வளர்ச்சியில்லாத பிள்ளையை உடையவர், வெளிநாட்டில் சொத்துள்ளவர் ஆகியோரும் அவ்வாறே. மைனர் குழந்தைகளுக்குப் போஷகரை நியமிப்பதிலும் யோசனை கேட்கவேண்டும். தாயார் உயிருடன் இருக்கையில், இந்துத் தகப்பனார் உயிலால் வேறொருவரைப் போஷகராக நியமிப்பது பலிக்காது. வக்கீலுக்கு ஒரு நாளில் கொடுக்கும் கட்டணம், ஒரு பாகவழக்கின் முதல் வருஷச் செலவுக்கு ஈடாகாது.

ஆனால் வக்கீல் எழுதியதனாலேயே உயில் பலமுள்ளதாகிவிடாது. அவரை அழைத்து வந்தவர் யார் என்பதையும் கோர்ட்டு கேட்கும். மைசூர் ராஜ்யத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1958ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு விரிவாய்க் கூறியது இன்றளவும் பின்பற்றப்படுகிறது. உயிலைச் சூழ்ந்து சந்தேகத்துக்கு இடமான விஷயங்கள் இருந்தால், உயிலைக் கொண்டுவருபவரே அவற்றை நீக்கவேண்டும் என்பதும், உயிலால் பெரும்பாகம் பெறுபவரே அதை எழுதுவிப்பதில் முன்னின்றிருந்தால் அதுவே அத்தகைய சந்தேகம் என்பதும் அதன் சாரம். தாமே நிதானமாய் எழுதித் தம் இரண்டு அயலாரைக் கூப்பிட்டு ஒப்பம் வாங்கிய கிழவரின் உயில், இளைய மகன் வண்டி வைத்து அழைத்துவந்த வக்கீல் படுக்கையருகில் அமர்ந்தெழுதிய உயிலைவிட உறுதியாய் நிற்கக்கூடும். வக்கீலை நாடுவோர், திடகாத்திரமாய் இருக்கும்போதே, பங்கு பெறுபவர் துணையின்றித் தாமே போய்வருதல் நலம். நோயாளியாயின், அன்றைய தினம் அவர் தெளிவாயிருந்தார் என்று ஒரு டாக்டரின் சான்று பெற்றுக்கொள்ளலாம்.

வக்கீலுக்கும் சொந்தக் கைக்கும் நடுவே பத்திரம் எழுதுபவர் இருக்கிறார். முற்காலத்தில் இவ்வேலையைப் பெரும்பாலும் கர்ணமே பார்த்தார். 1980ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் உத்தியோகங்கள் எடுக்கப்பட்டன. பத்திரம் எழுதுபவர் நில விவரத்தைப் பிழையின்றி எழுதுவதில் தேர்ந்தவர். ஆனால் உயிலுக்கும் தான செட்டில்மெண்டுக்கும் உள்ள வேற்றுமையை எழுதச் சொல்பவரே அறிந்திருக்கவேண்டும். உயில் சாகும்வரை எழுதியவரைக் கட்டுப்படுத்தாது, எந்நேரமும் மாற்றலாம். செட்டில்மெண்டோ உடனே உரிமையை மாற்றிவிடும். கட்டாயம் ரிஜிஸ்தர் செய்யவேண்டியது. நினைத்தபோது திரும்பப் பெற முடியாதது. “உயில்” என்று தலைப்பிட்டு உள்ளே “இன்று முதல் நீயே அடைந்துகொள்ளவேண்டியது” என்று எழுதும் பத்திரங்களும் உண்டு. வயதான காலத்தில் நிலத்தை இழந்து நிற்கும் பெற்றோரில் சிலர், தாங்கள் எழுதியது உயில் என்றே நம்பியிருந்தவர்கள். “என் ஆயுளுக்குப் பின்” என்னும் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டே கையெழுத்திடவேண்டும்.

உயிலை ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமன்று. 1908ஆம் வருஷத்து ரிஜிஸ்டிரேஷன் சட்டம் அதை எழுதுபவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறது. செய்தால், எழுதியவர் நேரில் வந்தார் என்பதற்கு ஒரு சாக்ஷியம் கிடைக்கிறது. காகிதம் தொலைந்தாலும் நகல் இருக்கும். இந்த அளவில் அது மிகவும் பயனுள்ளதே. ஆனால் ரிஜிஸ்தர் செய்ததனால் சாக்ஷியை விசாரிக்கும் அவசியம் நீங்காது. ரிஜிஸ்தரான உயிலை அதன்பின் எழுதிய ரிஜிஸ்தர் ஆகாத உயில் ரத்துச் செய்யவும் கூடும், பிந்தியதே செல்லும். வில்லங்க சர்ட்டிபிகேட்டில் உயில் காணப்படாது என்பதையும், எழுதியவர் ஜீவித்திருக்கும்வரை அவருக்கும் அவருடைய ஏஜெண்டுக்கும் தவிர வேறெவருக்கும் நகல் கொடுக்கப்படாது என்பதையும் அறிந்தால், ரகசியம் போய்விடும் என்ற அச்சம் வேண்டியதில்லை.

எழுதிய உயிலில் பின்னர் ஒரு வார்த்தையை அடித்துத் திருத்துவதும், பெயருக்கு மேல் பெயர் எழுதுவதும் கூடாது. அத்திருத்தத்துக்கும் உயிலைப் போலவே ஒப்பமும் இரு சாக்ஷிகளும் இல்லாவிடில் அது செல்லாது. சிறிய உயிலாயின் முழுவதையும் புதிதாய் எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துவிடுவதே எளிது. நிலம் விற்றாலும் வாங்கினாலும், பங்குதாரர் எவரேனும் காலமானாலும் உயிலை எடுத்துப் பார்க்கவேண்டும். கிறிஸ்தவருக்கு விவாகத்தினால் முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அவ்விதி இல்லை.

உயிலைப் பெட்டியடியில் வைத்து யாருக்கும் சொல்லாமலிருப்பதால் பயனில்லை. நிறைவேற்றுவோராக நியமிக்கப்பட்டவருக்கு அது இருக்குமிடம் தெரிந்திருக்கவேண்டும். வீட்டில் வைக்க அஞ்சுவோர், அதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, மேலே தம் பெயரையும் உள்ளிருப்பது உயில் என்பதையும் எழுதி, ஜில்லா ரிஜிஸ்திராரிடம் டிபாசிட் செய்யலாம். வேண்டும்போது திரும்பப் பெறலாம். அவர் காலஞ்சென்றபின், விண்ணப்பம் செய்பவர் முன்னிலையில் உறை திறக்கப்பட்டுப் புஸ்தகத்தில் நகல் எடுக்கப்படும். அசல் அங்கேயே பத்திரமாயிருக்கும். ரிஜிஸ்தர் செய்யாமல் வீட்டில் வைத்திருந்த உயிலையும், எழுதியவர் இறந்தபின் நிறைவேற்றுவோரோ பாத்தியதை பெறுபவரோ எப்பொழுது வேண்டுமானாலும் ரிஜிஸ்தருக்குக் கொடுக்கலாம். அதற்குக் கெடு இல்லை. சென்னை ஹைகோர்ட்டின் அசல் அதிகார எல்லைக்கு வெளியே எழுதப்பட்டு, வெளியிலுள்ள நிலத்தைப் பற்றியே இருக்கும் உயிலுக்குப் புரோபேட் பெறவேண்டும் என்ற கட்டாயம் இந்துக்களுக்கு இருந்ததில்லை. இறப்புச் சான்றுடன் உயிலைத் தாலுகா ஆபீஸில் காட்டிப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்தால், தாசில்தார் உயிலின் செல்லுபடியைத் தீர்மானிப்பதில்லை. சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி சொல்லிவிடுவார். அன்றுதான் அந்த இரு சாக்ஷிகளைத் தேடவேண்டியிருக்கும்.